நல்ல ஈத்து: பீர்மேட்டுத் தோட்ட வீடுகளில் கலப்பு நாய்க்குட்டிகள்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் நாய் இல்லாத தோட்ட வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குட்டிக்கானத்திலிருந்து வண்டிப்பெரியார் வழியாகக் குமுளி வரைக்கும் சாலையின் இருபுறமும் தேயிலை. சாலையை விட்டு உள்ளே இறங்கினால் ஏலம், மிளகு, காப்பி. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கும் இந்த மலையில் ராத்திரி பன்றி வரும், பகலில் குரங்கு வரும், காட்டோரத்தில் சிறுத்தையும் வரும். லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலிலும் ஏலக்காய் ஸ்டோர் திண்ணையிலும் மாட்டுத்தொழுவத்து ஓரத்திலும் படுத்திருக்கும் நாய்களுக்கு ஓய்வு குறைவு. அவற்றில் பல கலப்பு. தாய் நாட்டு நாய். தகப்பன் பங்களாவில் வளர்ந்த அல்சேஷனாக இருக்கலாம், டவுனிலிருந்து வந்த லாப்ரடாராக இருக்கலாம், கம்பம் பக்கத்திலிருந்து மலையேறி வந்த ராஜபாளையமாகவும் இருக்கலாம்.

இப்படிப் பிறக்கும் குட்டிகளைப் பற்றி மலையில் ஒரு நம்பிக்கை உண்டு: “கிராஸ் குட்டிக்கு நோய் அண்டாது.” இதில் எவ்வளவு உண்மை? ஒரு விவசாயக் குடும்பம் கலப்புக் குட்டிகளை ஆரோக்கியமாகப் பெற்று, வளர்த்து, நல்ல வீட்டில் சேர்க்க என்னென்ன செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு மரபியலும் கால்நடை மருத்துவமும் தெளிவாகவே பதில் சொல்கின்றன. கலப்பு என்பது நல்ல தொடக்கம் மட்டுமே. குட்டியின் தலையெழுத்தில் பெரும்பகுதியை எழுதுவது தாயைத் தேர்ந்தெடுக்கும் கையும், முதல் நான்கு மாதம் பார்த்துக்கொள்ளும் வீடும்தான்.

கலப்பு என்ன தரும், என்ன தராது

ஒவ்வோர் உயிருக்கும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகள் வருகின்றன, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பழுதான பிரதி ஒன்று மட்டும் வந்தால் பல நோய்கள் வெளியே தெரிவதில்லை. இரண்டும் பழுதாக அமைந்தால்தான் வெளிப்படுகின்றன. நெருங்கிய உறவில் திரும்பத் திரும்ப இணை சேர்க்கும்போது அந்த இரண்டாவது நிலை அடிக்கடி நேர்கிறது. தூரத்து ரத்தம் சேரும்போது குறைகிறது. கலப்பின வீரியம் என்று சொல்லப்படுவதன் அடிப்படை இவ்வளவுதான்.

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் கால்நடை மருத்துவமனையில் 1995 முதல் 2010 வரையிலான பதிவுகளை எடுத்து, 24 மரபு நோய்களைப் பற்றி ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. அந்த நோய்கள் கண்ட 27,254 நாய்களை வைத்துத் தூய இனத்தையும் கலப்பினத்தையும் ஒப்பிட்டார்கள். 10 நோய்கள் தூய இனத்தில் அதிகம். 13 நோய்களில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. முழங்காலில் தசைநார் அறுந்துபோகும் கோளாறு ஒன்று கலப்பினத்தில்தான் அதிகம். பிரிட்டனில் 2024-இல் வந்த மற்றோர் ஆய்வு, காக்கபூ, லாப்ரடூடில், கவாபூ என்று திட்டமிட்டு உருவாக்கப்படும் கலப்பு நாய்களை அவற்றின் பெற்றோர் இனங்களோடு ஒப்பிட்டது. செய்த ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் மலைநாட்டு நம்பிக்கையின் அளவு தெரிந்துவிடும். கலப்பு சில நோய்களைக் குறைக்கும், எல்லாவற்றையும் குறைக்காது. பெற்றோர் இருவருக்கும் ஒரே குறை இருந்தால் கலப்பால் பயன் இல்லை. அல்சேஷன் என்னும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு பொதுவானது. அந்த இரண்டையும் சேர்த்துப் பிறக்கும் குட்டி பார்க்க அழகாக இருக்கும், மூன்று வயதில் படியேற முடியாமல் போகவும் கூடும். தொற்றுநோய்களோ இனம் பார்ப்பதே இல்லை. தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ என்னும் வைரஸ் நோய் வந்தால், அது கலப்பா தூய இனமா என்பது அதைக் காப்பாற்றாது.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு வேறு இனங்கள் முதன்முறை சேரும் தலைமுறையில்தான் கலப்பின வீரியம் முழுதாகக் கிடைக்கும். அந்தக் குட்டிகளையே தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அது பாதியாகிவிடும். தோட்டத்து லயங்களில் இது கண்ணுக்குத் தெரியாமலே நடக்கிறது. ஒரு லயத்தில் வலுவான ஆண் நாய் ஒன்று இருக்கும். அதுவே தாய்க்கும், இரண்டு வருடம் கழித்து மகளுக்கும், பிறகு பேத்திக்கும் துணையாகிறது. வெளியே பார்த்தால் எல்லாம் கலப்பு நாய். உள்ளே ஒரே குடும்பத்து ரத்தம். பரம்பரை தெரியாத நாய் என்பதால் மட்டும் உறவு இல்லாத நாய் என்று சொல்லிவிட முடியாது.

திட்டமிட்ட கலப்பு எவ்வளவு நுட்பமாக உதவ முடியும் என்பதற்கு டால்மேஷன் கதை ஒன்றே போதும். அந்த இனத்தில் ஒரு மரபணுக் குறை ஊன்றிவிட்டதால் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகிக் கல் உண்டாகும். 1973-இல் ராபர்ட் ஷைபிள் என்ற அமெரிக்க மரபியலாளர் ஒரே ஒரு முறை பாயின்டர் இனத்து நாயைச் சேர்த்தார். பிறகு வந்த தலைமுறைகளை மறுபடி டால்மேஷனோடே சேர்த்து, நல்ல மரபணு உள்ள குட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனார்கள். அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வழியில் வந்த நாய்களை 2011-இல் பதிவுக்கு ஏற்றுக்கொண்டது. கலப்பு ஒரு முறைதான். கணக்கு வைத்துத் தேர்ந்தெடுத்தது 30 ஆண்டுகளுக்கு மேல்.

இடுக்கி ஏற்கெனவே படித்த பாடம்

கலப்பினம் என்றால் என்ன என்பதை இடுக்கிக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. மூணாறுக்குப் பக்கத்தில் இருக்கும் மாட்டுப்பட்டியில் 1963-இல் இந்திய–சுவிஸ் திட்டம் தொடங்கியது. பிரவுன் சுவிஸ் காளைகளின் விந்தை உள்ளூர்ப் பசுக்களுக்குச் செலுத்திப் பிறந்த கன்றுகளிலிருந்து வளர்ந்ததுதான் ‘சுனந்தினி’. பின்னாளில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரத்தமும் சேர்ந்தது. இன்று பீர்மேட்டுத் தொழுவங்களில் நிற்கும் கறவை மாடுகளில் பலவற்றுக்கு அந்த வழி உண்டு.

சுனந்தினி வெற்றி பெற்றதற்குக் காரணம் வெளிநாட்டு ரத்தம் மட்டும் இல்லை. எந்தக் காளை நல்ல காளை என்பதை அதன் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாமல், அதன் மகள்கள் எத்தனை லிட்டர் கறந்தன என்று வீடு வீடாகப் போய் எழுதி வைத்து முடிவு செய்தார்கள். வெளிநாட்டு ரத்தம் எவ்வளவு இருந்தால் இந்த மண்ணின் வெயிலையும் மழையையும் தாங்கும் என்பதையும் அளந்தார்கள். நாய்க்கும் இதுவே வழி: தகப்பனின் காது நிமிர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அதற்கு முன்பு பிறந்த குட்டிகள் எப்படி வளர்ந்தன என்று விசாரிப்பது நூறு மடங்கு மேல்.

இதற்கு எதிர்ப்பாடமும் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டயம் மாவட்டத்து வெச்சூர் கிராமத்தின் பெயரைத் தாங்கிய குட்டைப் பசு, ஏறத்தாழ மூன்றடி உயரம் மட்டுமே கொண்டது. 1961-இல் வந்த கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் உரிமம் இல்லாத காளைகளை வைத்திருப்பதைத் தடை செய்தது. நாட்டுக் காளைகள் காயடிக்கப்பட்டன, கலப்பினம் பரவியது, வெச்சூர் மாடு மறையும் நிலைக்கு வந்துவிட்டது. 1989-இல் மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் எஞ்சியிருந்த சில மாடுகளைத் தேடிப் பிடித்துக் காப்பாற்றினார்கள். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கலப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கலக்கப்படும் நாட்டு வித்து அழிந்துபோனால் அடுத்த கலப்புக்கே வழி இருக்காது.

மலையடிவாரத்து நாய்களும் மலை நாய்களும்

நாய் விஷயத்தில் பீர்மேட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. குமுளி மலைப்பாதையில் இறங்கி, கம்பம், உத்தமபாளையம் தாண்டினால் மலையடிவாரத்தில் கோம்பை. செம்பழுப்பு உடலும் கறுத்த முகமும் கொண்ட கோம்பை நாய்க்குப் பெயர் தந்த ஊர் அது. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்பெற்ற இனம். விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும், தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறையும் கன்னியும் தூரத்தில் இல்லை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய் இனத் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் நாட்டு இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

ஆனால் எந்த இனத்தையும் அதன் பெயருக்காக மட்டும் மலைக்கு ஏற்றுவது சரியில்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் வெட்டவெளியில் முயல் துரத்தப் பிறந்தவை. மெல்லிய தோல், குட்டை ரோமம். குட்டிக்கானத்து மூடுபனியில் இரவெல்லாம் வெளியே கிடக்க அவற்றின் உடல்வாகு இடம் தராது. ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு காது கேளாமை சில குட்டிகளில் சேர்ந்தே வருகிறது. குட்டிகளின் முதுகுக்குப் பின்னால் தட்டில் தட்டிப் பார்த்துச் சோதிக்காமல் அந்த ரத்தத்தைச் சேர்க்கக் கூடாது. அல்சேஷனின் அடர்ந்த ரோமமோ ஜூனில் நனைந்தால் சீக்கிரம் காய்வதில்லை. அடியில் பூஞ்சைப் படையும் உண்ணியும் குடியேறும்.

நாட்டு நாயை மட்டமாக நினைக்கும் பழக்கம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் புதைந்தன. 70 பேர் இறந்தார்கள். தேடுதல் ஒரு வாரத்தைக் கடந்த நிலையில், தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தை ‘குவி’ என்ற வீட்டு நாய் காட்டிக்கொடுத்தது. எந்தப் பயிற்சியும் பெறாத லயத்து நாய் அது. பின்னர் இடுக்கி போலீஸ் நாய்ப்படைப் பயிற்சியாளர் ஒருவர் அதைப் பொறுப்பேற்றுப் பராமரித்தார். சில மாதங்களில் அது பிழைத்திருந்த குடும்பத்தாரிடமே திரும்பியது. மோப்பம், பற்று, மேடும் பள்ளமும் தாங்கும் உடம்பு எல்லாம் லயத்திலேயே இருக்கின்றன. கலப்பைத் தொடங்கும் குடும்பம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “நம்ம நாயிடம் இல்லாத எது நமக்கு வேண்டும்?” என்பதுதான். அதற்குத் தெளிவான பதில் இல்லையென்றால் கலப்பே தேவையில்லை.

இணை சேர்ப்பதற்கு முன்

எல்லாம் தாயிலிருந்து தொடங்குகிறது. கடிக்காத, பயந்து ஓடாத, இரண்டு மழைக்காலம் நோயில்லாமல் கடந்த, முன்பு ஈன்றிருந்தால் குட்டிகளை ஒழுங்காக வளர்த்த பெட்டை நாயே ஏற்றது. கூச்சமும் அச்சமும் பிறவியிலேயே கொஞ்சம் வரும். தாயைப் பார்த்தும் குட்டிகள் கற்றுக்கொள்ளும். ஆண் நாய் தாயைவிட மிகப் பெரிய உடல் கொண்டதாக இருக்கக் கூடாது. சிறிய நாட்டுப் பெட்டைக்கு மிகப் பெரிய ஆணைச் சேர்த்தால், குட்டி பெரிதாகிப் பிறப்பு தடைபடலாம்.

விற்பதற்காகக் குட்டி எடுப்பவர்களுக்கு மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள் உண்டு. பெட்டைக்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும். எட்டு வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. இணை சேர்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவும் தேவை. காகிதத்தில் கடுமையாகத் தெரிந்தாலும், இவை தாயையும் குட்டியையும் காக்கும் விதிகளே.

மருத்துவர் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமான ஒன்று டிவிடி எனப்படும் பால்வினைக் கட்டி. திரியும் நாய்களிடையே இணை சேரும்போது புற்றணுக்களே ஒட்டிப் பரவும் விசித்திரமான நோய் அது. பெட்டையின் பின்பகுதியில் ரத்தம் சொட்டுவதைப் பருவ ரத்தம் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஆரம்பத்தில் கண்டால் வின்கிறிஸ்டின் ஊசியில் பெரும்பாலும் குணமாகும்.

பருவம் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். முதல் ஒன்பது நாள் போல ரத்தக் கசிவு. பிறகுதான் பெட்டை ஆணை ஏற்கும். அந்த மூன்று வாரமும் கதவடைத்து வைக்காவிட்டால் தேர்ந்தெடுத்த தகப்பன் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் ஒரே ஈத்தில் இரண்டு மூன்று தகப்பன்களின் குட்டிகள் சேர்ந்து பிறக்க முடியும். ஸ்டோரின் ஓர் அறையோ கம்பி வலைக் கூண்டோ போதும். கட்டிப்போட்டால் மட்டும் போதாது. வெளியே இருக்கும் ஆண் உள்ளே வந்துவிடும்.

காலம் பார்ப்பதும் மலையில் பெரிய விஷயம். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். டிசம்பர் தொடக்கத்தில் இணை சேர்ந்தால் பிப்ரவரி தொடக்கத்தில் குட்டிகள் பிறக்கும். மே இறுதிக்குள் 16 வாரம் நிறைந்து தடுப்பூசி வரிசையும் முடிந்துவிடும். ஜூன் மழை இறங்கும்போது குட்டி தேறியிருக்கும். ஏப்ரலில் இணை சேர்த்தால் மழையின் உச்சத்தில், ஈரத்திலும் குளிரிலும் குட்டிகள் கண் திறக்கும். பருவம் நம் வசதிக்கு வராது என்பது உண்மை; வசதியில்லாத பருவத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க முடியும்.

முதல் மூன்று வாரம்

பிறப்பதற்கு முந்தைய நாள் தாயின் உடல் வெப்பம் 37.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும். கடைசி வாரத்தில் காலையும் மாலையும் வெப்பமானியில் பார்த்துவந்தால் இது பிடிபடும். கடுமையாக முக்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வராவிட்டால், ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனால், முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வடிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எஸ்டேட் சாலைகளில் ராத்திரி ஜீப் கிடைப்பது எளிதல்ல. யாருடைய வண்டி, எந்த மாட்டாஸ்பத்திரி, எந்த எண் என்பதை ஒரு வாரம் முன்பே பேசி வைத்துக்கொள்வது உயிர் காக்கும்.

பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. முதல் வாரத்தில் அது கிடக்கும் இடம் 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். மலையில் பிப்ரவரி இரவுகள் அதைவிட வெகுவாகக் குளிர்ந்தவை. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் குடிக்கும் வலு இருக்காது. வாயில் ஊற்றினாலும் செரிக்காது. முதலில் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால். தாய் நீட்டிப் படுக்கும் அளவுக்கு ஒரு பலகைப் பெட்டி, தரையிலிருந்து நாலு விரல் உயர்த்தி வைக்க வேண்டும். உள்சுவரில் நாலாபுறமும் ஒரு சட்டம் அடித்துவிட்டால் தாயின் முதுகுக்கும் பலகைக்கும் நடுவே குட்டி நசுங்காது. ஒரு மூலைக்கு மேல் மட்டும் பல்பு தொங்கட்டும். சூடு அதிகமானால் குட்டிகள் மறுமூலைக்கு நகர்ந்துகொள்ளும். ஈரம் இழுக்கும் சணல் சாக்கைவிட, வெந்நீரில் அலசி வெயிலில் காய்ந்த பழைய பருத்தித் துணி நல்லது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடந்தால் குளிர். தனித்தனியாக மூலைக்கு மூலை கிடந்து கத்தினால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூக்கத்தில் கால் உதறினால் எல்லாம் சரி.

ஏலக்காய் நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு இந்த வேலைக்கு அருமையான கருவி. ஒவ்வொரு குட்டியின் கழுத்திலும் வேறு வேறு நிறத்தில் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டி, தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுத வேண்டும். நல்ல குட்டி முதல் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எடை கூடும். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாகும். ஒரு நாள் எடை கூடாத குட்டியைப் பின்முலைக்குத் தூக்கி வைக்கலாம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தாமதிக்கக் கூடாது. குட்டி நோயில் விழுவது கண்ணுக்குத் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும்.

முதல் 24 மணி நேரத்துச் சீம்பாலுக்கு ஈடே இல்லை. தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குட்டியின் குடல் வழியாக ரத்தத்தில் ஏறுவது அந்த ஒரு நாளில்தான். தாய் இறந்துவிட்டால் வெறும் பசும்பால் ஊற்றுவது மலையில் வழக்கம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல இரண்டு மடங்கு. பசும்பாலில் பால்சர்க்கரை கூடுதல். அதனால்தான் பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றுப்போக்கும் வளர்ச்சிக் குறைவும் வருகின்றன. கடையில் கிடைக்கும் நாய்க்குட்டிப் பால்பொடியே பாதுகாப்பானது.

பால் சுரக்கும் தாய்க்கு மூன்று, நான்காவது வாரங்களில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தீனி தேவைப்படும். வெறும் கஞ்சியும் மீன்தலையும் போதாது. முட்டை, வேகவைத்த இறைச்சி, ஈரல் கொஞ்சம், கூடவே நல்ல நாய்த்தீனி வேண்டும். சினையாக இருக்கும்போதே சுண்ணாம்புச்சத்து மருந்தை அள்ளிக் கொடுப்பது எதிர்விளைவைத் தரும்; உடம்பு தன் எலும்பிலிருந்து எடுத்துத் தரும் வேலையை மறந்துவிடும். பால் கொடுக்கும்போது ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்கி, தாய் மூச்சு வாங்கி, விறைத்து நடுங்கும். அது உயிர்ப் பிரச்சினை; மருத்துவரின் ஊசி உடனே வேண்டும்.

புழு, ஊசி, தோட்டத்து ஆபத்துகள்

உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குப் போய்விடுகிறது. கொக்கிப் புழு பால் வழியாகப் போகிறது. ஆகவே சுத்தமான பெட்டியில் பிறந்த குட்டிக்கும் புழு இருக்கும். இரண்டாவது வாரத்தில் தொடங்கி, எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடைக்கேற்ற பூச்சிமருந்து தர வேண்டும், தாய்க்கும் கூடவே. அந்தப் புழு முட்டைகள் முற்றத்தில் விளையாடும் பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குள் போகக் கூடியவை. மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் உண்ணி மருந்தையும் ஐவர்மெக்டினையும் குத்துமதிப்பாகக் குட்டிக்குக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. மாட்டு அளவு குட்டியைக் கொல்லும்.

பார்வோ வைரஸ் 1970-களின் கடைசியில்தான் உலகத்தில் பரவியது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை மருத்துவர்கள் அதைக் கண்டு எழுதிவிட்டார்கள். குட்டி ரத்தமாகக் கழிந்து, வாந்தியெடுத்து, இரண்டு மூன்று நாளில் சாகும். அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு குட்டி செத்த முற்றத்தில் அடுத்த குட்டியை விடும் முன், தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும். மண்தரையை நம்பக் கூடாது. முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்துக்குள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் நிறையும் வரை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியை முறியடிக்கக் கூடியது என்பதால், ஒரே ஊசியோடு நிறுத்திய குட்டிகள்தான் பலசமயம் பலியாகின்றன. ஊசியை ஐஸ் பெட்டியில் கொண்டுவருவதும் முக்கியம். சட்டைப் பையில் மலையேறிய ஊசிக்குப் பலன் இல்லை.

மழையும் எலியும் சேர்ந்த ஊரில் எலிக்காய்ச்சல் மனிதரையும் நாயையும் சேர்த்தே தாக்குகிறது. ஸ்டோரில் எலியை ஒழிப்பதும் நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் ஒன்றுக்கொன்று துணை. தடுப்பூசி எல்லா வகைக் கிருமிக்கும் காவல் இல்லை. ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த நாளில் குட்டிகளை வெளியே விடக் கூடாது. வாயில் நுரை, தசைத் துடிப்பு, குண்டூசித் தலையாகச் சுருங்கிய கண்மணி தெரிந்தால் பூச்சிமருந்து விஷம்; மருத்துவர் அட்ரோபின் போடுவார். தாழ்ந்த சரிவுகளில் காய்க்கும் கோகோவின் கொட்டையும் தோலும் நாய்க்கு நஞ்சு என்பது பலருக்குத் தெரியாது. ஓடைத் தண்ணீர் குடிக்கும் குட்டியின் மூக்குக்குள் அட்டை ஏறுவதும் உண்டு. ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் வந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்க்கான தடுப்பூசிக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் இந்த வைரஸ் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கை அழித்தது. அது வந்த வழியாகச் சுற்றுப்புறக் கிராமத்து நாய்களையே ஆராய்ச்சியாளர்கள் சுட்டினார்கள். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களிலும் அதே வைரஸ் கண்டறியப்பட்டது. பீர்மேட்டின் எல்லையில் பெரியார் புலிகள் காப்பகம். அங்கே புலியும் செந்நாயும் இருக்கின்றன. இரவில் குட்டிகளையும் தாயையும் கூண்டில் அடைப்பது சிறுத்தையிடமிருந்து அவற்றைக் காக்கும், காட்டையும் நாயிடமிருந்து காக்கும்.

மனிதர் கையில் வளரும் குட்டி

அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் ஐந்து நாய் இனங்களையும், பசெஞ்சி – காக்கர் ஸ்பேனியல் கலப்பையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1965-இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மனிதரோடு உறவு கொள்ளப் பழகும் காலம் என்பது அவர்களின் முக்கியமான முடிவு. 14 வாரம் வரை மனித முகமே காணாமல் வளர்த்த குட்டிகள் பிறகு காட்டு விலங்கு போல் அஞ்சின. கொழுந்து எடுக்கக் காலையில் போய் மாலையில் திரும்பும் வீட்டில் குட்டிகள் தனியாகவே கிடக்கும். அதனால் காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் கையில் எடுப்பது, பிரஷர் குக்கர் சத்தம், மழைக்கோட்டுப் போட்டவர், குடை, மாடு, ஜீப் எல்லாவற்றையும் பயமில்லாமல் காட்டுவது, தடுப்பூசிக்குச் சமமான வேலை. பின்னாளில் கடிக்கும் நாயாவதும் காவல் நாயாவதும் பெரும்பாலும் இந்த ஒன்பது வாரத்தில்தான் முடிவாகிறது.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, ஆண்டுதோறும் மறுபடி. கேரளத்தில் 1998-ஆம் ஆண்டு பஞ்சாயத்து விதிகளின்படி நாய் வளர்க்க உரிமம் வேண்டும். அதற்கு இந்த ஊசியின் சான்று வேண்டும். 2022-இல் வெறிநாய்க்கடி மரணங்கள் மாநிலத்தையே உலுக்கியபோது ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் நடந்தது. குட்டியின் பல் பட்டாலும் கீறினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போவதில் தயக்கம் கூடாது.

இனி இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி: பிறக்கும் குட்டிகள் எங்கே போகும்? ஒரு நடுத்தர நாய் ஆறு எட்டுக் குட்டிகள் போடும். ஆண் குட்டிகளுக்கு ஆள் வரும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டி, ஏதோ ஒரு வளைவிலோ சந்தை ஓரத்திலோ விட்டுவிட்டுப் போகும் கொடுமை மலைச்சாலைகளில் நடந்துகொண்டே இருக்கிறது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் தெருநாய்கள் ஏறத்தாழ 2.9 லட்சம். அவற்றில் ஒரு பகுதியாவது ஒரு வீட்டு முற்றத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவற்றின் வம்சம். இணை சேர்ப்பதற்கு முன்பே நாலு வீடாவது, “பெட்டைக் குட்டியும் எடுத்துக்கிறோம்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லையென்றால் அந்த வருடம் ஈத்து வேண்டாம்.

குட்டியை வாங்கிப் போகிறவர் கையில் ஒரு தாள் கொடுக்க வேண்டும்: பிறந்த நாள், தாய் தகப்பன் விவரம், வாராந்திர எடை, பூச்சிமருந்து கொடுத்த தேதிகள், ஊசி விவரம், தின்று பழகிய உணவு. ஆறு மாதம் கழித்து அவரிடம் ஒரு முறை விசாரித்து, காது கேட்கிறதா, நடை நேராக இருக்கிறதா, குணம் எப்படி என்பதை வீட்டு நோட்டில் எழுதினால், அடுத்த முறை அதே ஜோடியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும். மாட்டுப்பட்டியில் காளைக்குச் செய்ததை நாய்க்குச் செய்ய ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும்.

குடும்பம் தனியாகச் செய்ய முடியாதவையும் இருக்கின்றன. குட்டி எடுக்க விரும்பாத வீட்டுப் பெட்டைகளுக்குக் கருத்தடை செய்ய லயத்துக்கு அருகில் முகாம் வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, நாயோடு ஜீப் பிடித்து, தூரத்து ஆஸ்பத்திரிக்குத் தொழிலாளியால் போக இயலாது. தேயிலை நிர்வாகங்கள் ஓர் இடமும் தண்ணீரும் தந்து, பஞ்சாயத்து மருந்துச் செலவை ஏற்று, கால்நடைத் துறை மருத்துவரை அனுப்பினால், ஆண்டுக்கு இரண்டு நாள் போதும்: மே மாதம் மழைக்கு முன் ஒன்று, டிசம்பரில் ஒன்று. அதே நாளில் வெறிநோய் ஊசி, உரிமம், பூச்சிமருந்து மூன்றையும் முடித்துவிடலாம். பால் அளக்கும் சங்கங்களில் மாட்டுக்கு வைத்திருக்கும் பதிவேட்டோடு நாய்க்கும் ஒரு பக்கம் சேர்த்தால், எந்த லயத்தில் எந்த ஆண் எத்தனை ஈத்துக்குத் தகப்பன் என்பதும் முதல் முறையாக எழுத்தில் வரும். ஒரே ஓர் எஸ்டேட்டில் இதைத் தொடங்கினாலும், இரண்டு ஆண்டுக்குள் குட்டிச் சாவு குறைந்ததா, சாலையில் விடப்படும் பெட்டைக் குட்டிகள் குறைந்தனவா என்பதை அந்தப் பதிவேட்டிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.